இரண்டாவது டிக்கட்

விடிகாலைச் சுபஹு தொழுத கையோடு சுபைறா இஸ்திரிப்பெட்டிக்குள் சிரட்டைக்கரியைப் போட்டு ஊதத் தொடங்கினாள். பஸ் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான். ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

கல்முனையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு, அங்கிருந்து ரயில், நாளை வெள்ளி காலையில் கொழும்புக் கோட்டை. சனியும் ஞாயிறும் இசைநாடக விழா. முதல் நாள் தமிழ் நாடகம், மறுநாள் சிங்கள நாடகம். இரண்டு நாளுக்கும் ஆளுக்கு ஒரே டிக்கட்.

ஓ.எல். பரீட்சை எழுதி முடித்தால் கூட்டிப்போகிறேன் என்று மகள் ஜுனைதாவுக்கு அவள் கொடுத்த வாக்கு அது. பரீட்சை மார்கழியில் முடிந்தது. போன வாரம் டிக்கட்டுகள் பதிவுத் தபாலில் வந்தன. சாய்ந்தமருது உப தபாலகத்தில் வேலை செய்கிறவள் சுபைறாதான் என்பதால், அந்தக் கடித உறைக்கு முத்திரை குத்தியதும் அவளே, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டதும் அவளே. உப தபாலதிபர் பளீல் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் அவளுக்குப் பெரியப்பா மகன். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் லீவு கேட்டபோது மறு பேச்சில்லாமல் கொடுத்தவரும் அவர்தான்.

கணவன் சீனிமுகம்மது வியாபாரத்துக்கென்று கொழும்புக்குப் போய் அங்கேயே வேறு கலியாணம் முடித்து ஆறு வருடம். காதி முன்னால் விவாகரத்தும் எழுதித் தீர்ந்துபோயிற்று. வீடு சுபைறாவின் உம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. ஆகவே அவன் போனபோது ஒரு பெட்டியும் ஒரு ஆர்மோனியமும் மட்டும்தான் வீட்டை விட்டுப் போயின. அதோடு ஜுனைதாவின் சிரிப்பும் போயிற்று என்று அயலவர்கள் சொல்வார்கள். சுபைறா அதை ஒத்துக்கொள்வதில்லை.

கொழும்பில் என்னென்ன செய்வது என்று ஒரு தந்திப் படிவத்தின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்தாள். தெமட்டகொடையில் நாச்சியா சாச்சியின் வீட்டில் தங்குவது. வெள்ளிக்கிழமை மிருகக்காட்சிச்சாலை. நாடக மண்டபத்துக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது. நாடகம் முடிந்து எந்த வழியால் திரும்பினால் ஐஸ்கிறீம் கடை வரும். எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தபால்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது.

இன்னொன்றும் அவள் செய்திருந்தாள். அது யாருக்கும் தெரியாது. அந்தத் தமிழ் நாடகத்தின் பாட்டுகள் இரண்டு மாதமாக வானொலியில் போய்க்கொண்டிருந்தன. ஜுனைதா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டாள். மண்டபத்தில் மகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவளாகக் குந்தியிருக்கக் கூடாதென்று, தபாலகத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரே ஒரு பாட்டை சுபைறாவும் பாடமாக்கியிருந்தாள்.

"ஜுனைதா, கவுனெல்லாம் கொண்டா. மடிப்புக் கலையாம வெக்கணும்."

ஜுனைதா கொண்டுவந்து வைத்தாள். பதினாறு வயது. வாப்பாவின் நெற்றியும் வாப்பாவின் குரலும். கவுன்களை எண்ணியபோது சுபைறாவின் கை நின்றது.

"ஒம்பது கவுன் என்னத்துக்கு? நாலு நாள்தானே."

"கொழும்பெண்டா நேரத்துக்கு ஒண்டு உடுக்கணும்."

"பெருநாள் கவுனுமா?"

"ஓம்."

சுபைறா சிரித்தாள். பிள்ளைக்கு ஆசை. எல்லாவற்றையும் இஸ்திரி போட்டாள். அதற்கு ஒரு மணி நேரமானது. அவ்வளவு நேரமும் ஜுனைதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்து நின்றாள்.

பத்து மணிக்குச் சரீபா வந்தாள்.

சீனிமுகம்மதுவின் தங்கை. கல்முனைக்குடியில் வீடு. அண்ணன் பிரிந்துபோன பிறகும் இந்த வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் அவள். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவாள், ஜுனைதாவுக்குத் தலை வாரிவிடுவாள். அதற்காகவே சுபைறா அவளை மதித்தாள்.

"மச்சி, தொதல் கிண்டின," என்று இரண்டு இனிப்புப் பொட்டலங்களை மேசையில் வைத்தாள் சரீபா. "ஒண்டு நீங்க தங்கப் போற வீட்டுக்கு. மத்தது காக்காட கையில குடுத்திருங்க."

"எந்தக் காக்காட?"

"கூடப்பொறந்த காக்கா எனக்கு எத்தின பேர் இரிக்கு?"

சுபைறா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஜன்னலருகே நின்ற ஜுனைதா திரும்பவில்லை.

"புள்ள ஒனக்கு இன்னும் சொல்லல்லயா?" சரீபாவுக்கும் முகம் மாறிவிட்டது. "நான் சொல்லியிருப்பாளெண்டு நினைச்சன். நாளைக்குக் காலத்தால காக்கா ஸ்டேஷனுக்கு வாறாராம். நாடகத்துக்கும் அவர்தான் கூட்டிப் போறாராம்."

"டிக்கட் ரெண்டுதானே இரிக்கு."

சரீபா ஜுனைதாவைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள் ஜுனைதா, வெளியே பார்த்தபடியே. "ரெண்டுதான். ஒண்டு எனக்கு. ஒண்டு வாப்பாக்கு."

சுபைறா முதலில் கோபப்படவில்லை. விளங்காதவளைப் போல நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான்?"

"நீங்க நாச்சியா சாச்சிட வீட்ட இருங்க. ரயில்ல வெச்சுச் சொல்லுவமெண்டு இருந்தன்."

"எத்தின நாளா இந்தக் கதை நடக்குது?"

"மூணு மாசம். மாமிட வீட்டு விலாசத்துக்குத்தான் வாப்பா காயிதம் போடுவார். இஞ்ச போட்டா நீங்க முத்திர குத்துற நேரம் பார்த்திருவீங்களே."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். ஆறு வருடமாகக் காணாத சிரிப்பு.

"நான் ஒனக்கு என்ன குறை வெச்ச?" என்று கேட்டாள் சுபைறா. கேட்டிருக்கக் கூடாத கேள்வி. பதில் தயாராக இருந்தது.

"உங்களுக்கு நாடகத்தப் பத்தி என்ன தெரியும்? லைற்ற நூத்து இருட்டாக்கினா நீங்க நித்திரயாகிருவீங்க. சிங்களமும் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் 'என்ன சொல்லுறான், என்ன சொல்லுறான்' எண்டு என்ட கையச் சுரண்டுவீங்க. பக்கத்துல இரிக்கிற சனமெல்லாம் திரும்பிப் பாக்கும். எனக்கு வெக்கம்."

"ஜுனைதா, வாயப் பொத்து," என்றாள் சரீபா.

"ஏன் பொத்தணும்? ரெண்டு கிழமையா குசினிக்குள்ள ஒரு பாட்ட முணுமுணுக்கிறா. சுதியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அந்தப் பாட்டே எனக்கு வெறுத்துப்போச்சு. வாப்பா ஏன் போனாரெண்டு அப்பதான் எனக்கு விளங்கின."

அறைக்குள் கரியின் வெக்கை நின்றது. சுபைறா குனிந்து, கடைசிக் கவுனின் கையை நேராக்கி மடித்து, மற்றவைகளின் மேல் வைத்தாள். பாட்டு முணுமுணுத்தது தனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

"காயிதத்தத் தா," என்றாள்.

"எந்தக் காயிதம்?"

"கடைசியா வந்தத. தராட்டி இண்டைக்குப் பயணமில்ல."

ஜுனைதா அதை உறையோடு தன் கொப்பிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். மறைக்க ஒன்றுமில்லை என்ற தோரணை. சீனிமுகம்மதுவின் எழுத்து மாறவேயில்லை, சாய்ந்து ஓடுகிற எழுத்து.

'அன்பு மகள் அறிவது. விழாவுக்கு வருகிற செய்தி சந்தோசம். வெள்ளி காலை ஸ்டேஷனில் நிற்பேன். உனது உடுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரவும். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் மறக்காமல் கொண்டுவரவும். நாடகம் பார்த்த பிறகு நீ எங்களுடனேயே இருக்கலாம். உம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். இப்படிக்கு உன் வாப்பா.'

சுபைறா ஒவ்வொரு நாளும் கடிதங்களோடு இருக்கிறவள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பாள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு கடிதத்தில் எந்த வரி காரியம், எந்த வரி வெறும் சோடிப்பு என்பது அவளுக்குப் பழகிப்போன விசயம். இந்தக் கடிதத்தின் காரியம் நாடகமல்ல.

"மச்சி, இஞ்சால வா," என்று சரீபாவைக் குசினிக்குக் கூட்டிப்போனாள்.

"பிறப்புப் பத்திரம் என்னத்துக்கு?"

சரீபா அம்மிக்குப் பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்தாள். முந்தானையைத் திருத்தினாள். "நீ கோவிக்கப்படாது."

"சொல்லு."

"மருதானையில காக்காட கடைக்கு அடுத்த கடக்காரர். நல்ல மனிசனாம். பெண்சாதி மவுத்தாகி ஒரு வருசம். ரெண்டு புள்ள."

"வயசு?"

"நாப்பதுக்குள்ளதான்."

சுபைறா குசினிக் கதவைச் சாத்தினாள்.

"வீடு கேக்கல்ல மச்சி. சீதனமெண்டு ஒரு சதம் கேக்கல்ல." சரீபா குரலைத் தணித்தாள். "இந்த ஊர்ல வீடில்லாம ஆர் புள்ளய எடுப்பான்? இந்த வீட்டக் குடுத்திட்டு நீ எங்க போவாய்? காக்கா ஒன்னையும் நினைச்சுத்தான் இதச் செய்யிறார்."

"அவளுக்குத் தெரியுமா?"

"போய்ப் பார்த்து, பழகி, பொறகு சொல்லுவமெண்டு..."

"பதினாறு வயசு சரீபா."

"நான் ஜுனைதாட வாப்பாட தங்கச்சி. அவளுக்குக் கெடுதி நினைப்பனா?"

அவள் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். சுபைறாவை மிகவும் பயப்படுத்தியது அதுதான்.

சுபைறா சரீபாவின் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஜுனைதா பெட்டிக்குள் கவுன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஒன்ட மாமி ஒரு கதை சொல்லுவா, கேளு. ஒன்ட வாப்பா ஒன்ன எதுக்குக் கூப்பிடுறாரெண்டு கேளு. நாடகம் பார்க்க இல்ல. கலியாணம் முடிச்சிக் குடுக்க. நாப்பது வயசு, பெண்சாதி மவுத்தான ஒருத்தனுக்கு. தாயில்லாத அவன்ட ரெண்டு புள்ளைக்குச் சாச்சியாக."

ஜுனைதாவின் கை பெட்டிக்குள் நின்றது. "மாமி?"

சரீபா அண்ணியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ஒரு கணம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறவளைப் போலத்தான் இருந்தது.

"அல்லா காவல். நான் அப்பிடியா சொன்ன?" என்றாள். "ஆரோ ஒரு மனிசன் காக்காவுக்கு உதவியா இரிக்கான் எண்டன். மச்சி மாறி விளங்கிட்டா."

"சரீபா!"

"உம்மா," என்றாள் ஜுனைதா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "இவ்வளவு கேவலமா இறங்குவீங்களா? ஒரு டிக்கட்டுக்காக?"

"புள்ள, நான் சொல்லுறது மெய்."

"நீங்க பொய் சொல்லுறீங்க. பொறாமை. வாப்பா உங்களக் கூப்பிடல்ல, என்னக் கூப்பிட்டிரிக்கார். அதத் தாங்க ஏலாம இரிக்கு."

"அப்ப பயணமில்ல. டிக்கட்டக் கிழிச்சுப் போடுறன்."

"கிழிங்க. நாளைக்கு நீங்க தபால் கந்தோருக்குப் போவீங்கதானே? நீங்க போன பொறகு நான் பஸ் ஏறுவன். மத்த நாளும் போவீங்க. எத்தின நாளைக்கு என்னப் பூட்டி வெப்பீங்க?"

அவள் சொன்னால் செய்வாள். சுபைறாவுக்கு அது தெரியும். மட்டக்களப்பு வரை தனியாக, பிறகு இரவு ரயிலில் தனியாக, கோட்டையில் அவன் கைக்கு. அதற்குப் பிறகு தேடிப்போனாலும் பிள்ளை கிடைக்காது. கலியாணம் எழுதுகிற காதியாருக்குத் தகப்பன் சம்மதம்தான் பெரிது.

சுபைறா சொன்னாள். "சரி. கிழிக்கல்ல. ரெண்டு பேரும் போவம். வாப்பாவோடயே நாடகத்தப் பாரு."

ஜுனைதா நம்பாமல் பார்த்தாள். "மெய்யா?"

"மெய். நான் கந்தோருக்குப் போய்ச் சாவியக் குடுத்திட்டு வாறன். நீ சோத்தத் திண்டிட்டு ரெடியா இரி."

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வீதியோரமெல்லாம் பாயில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சுபைறா முக்காட்டை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தபாலகத்தில் பளீல் மட்டும்தான் இருந்தார்.

"என்ன தங்கச்சி, இன்னும் போகல்லயா?"

"ஒரு தந்தி காக்கா."

கவுண்டருக்கு உள்ளே வந்து, தன் கதிரையில் உட்கார்ந்து, படிவத்தை எடுத்தாள். 1982 பெப்ரவரி 11 என்று திகதி போட்டாள். கடித உறையில் பார்த்திருந்த கடை விலாசத்தை எழுதினாள். கீழே ஆங்கில எழுத்தில் செய்தி. ஜுனைதா வரவில்லை. பயணம் நின்றுவிட்டது. சரீபா.

பளீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"சரீபா எண்டு போட்டிரிக்கு."

"அவதான் அடிக்கச் சொன்னா."

"ஜுனைதா போகல்லயா?"

சுபைறா பேனையை மூடி வைத்தாள்.

"உன்ட பேக்குல டிக்கட் இரிக்கு. நான் லீவும் தந்திட்டன்," என்றார் பளீல். "இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிண்டு பொய்த் தந்தி அடிச்ச ஆக்கள நான் கண்டிரிக்கன். இந்தப் பக்கம் இருந்து ஒருத்தரும் அடிக்கல்ல."

"காக்கா, ஒண்டும் கேக்காதீங்க. கேட்டா நான் அழுதிருவன். அழுதா இத அனுப்ப ஏலாது."

அவர் படிவத்தை அவள் பக்கமாகத் தள்ளினார். முத்திரை குத்தவில்லை, தடுக்கவுமில்லை. எழுந்து பின்பக்கம் தொழுகைக்கு வுழுச் செய்யப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

முத்திரையை அவளே குத்தினாள். தொலைபேசியை எடுத்துக் கல்முனைத் தபாலகத்தைக் கூப்பிட்டு, செய்தியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். நாலு வருடமாகச் செய்கிற வேலை. எத்தனையோ மவுத்துச் செய்திகளை இதே குரலில் வாசித்திருக்கிறாள்.

மறுமுனையில் இருந்தவர் திருப்பி வாசித்துக் காட்டினார்.

"சரிதானே?"

"சரி," என்றாள்.

நாளை காலையில் கோட்டை ஸ்டேஷனுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். பிள்ளை அந்தப் பெரிய சனத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மணி நேரம் நிற்பாள், இரண்டு மணி நேரம் நிற்பாள். வாப்பா ஏமாற்றிவிட்டார் என்று அவளே முடிவுக்கு வரவேண்டும். அழட்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியுமா என்று சுபைறா யோசித்தாள். முடியும் என்றுதான் பட்டது. காலையில் கேட்ட வார்த்தைகள் காதை விட்டுப் போகவில்லை. அவள் அழுவதைப் பார்க்க, மனசின் ஒரு மூலையில் ஆசையாகவே இருந்தது. அது தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

இரண்டு மணிக்குக் கல்முனை பஸ் நிலையத்தில் ஒரே நெரிசல். அறுவடைக் காலம். மூட்டைகளும் கோழிக் கூடைகளுமாக ஆட்கள் ஏறினார்கள். சுபைறா முண்டியடித்து இரண்டு பேர் இருக்கிற சீட் ஒன்றைப் பிடித்தாள். ஜுனைதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகம் முழுக்கப் பவுடர். வழியனுப்ப வந்த சரீபா ஜன்னலுக்குக் கீழே நின்று அவள் கையில் எதையோ வைத்து மூடினாள். பஸ் உறுமிய சத்தத்தில் சுபைறாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"போயிட்டு வாறம் மாமி!"

"அல்லாட காவல்," என்றாள் சரீபா. சுபைறாவின் கண்ணை அவள் பார்க்கவேயில்லை.

பஸ் மருதமுனையைத் தாண்டியது. பெரியநீலாவணையில் சனம் குறைந்து காற்று வந்தபோது ஜுனைதா தன் தோளை உம்மாவின் தோளில் சாய்த்தாள்.

"உம்மா."

"என்ன?"

"காலத்தால நான் கனக்கக் கதைச்சிட்டன். ஞாயித்துக்கிழம வாப்பாட கதிரையில நீங்க இருங்க. வாப்பாட்ட நான் சொல்லுறன். சிங்களத்த நான் மெதுவா உங்கட காதுக்குள்ள சொல்லித் தாறன்."

சுபைறா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கலியாணக் கதை பொய்யென்று பிள்ளை இன்னும் நம்புகிறாள். ஆனால் மன்னித்துவிட்டாள். மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலும் தபாலகம் இருக்கிறது. முதல் தந்தியை மறுத்து இன்னொரு தந்தி அடிக்கலாம். அடிக்கமாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

"வாப்பா கட்டாயம் வருவார், என்ன உம்மா?"

"வருவார் மகள்."

"வராட்டியும் பரவாயில்ல." ஜுனைதா கையைத் திறந்தாள். நாலாக மடித்த தாள். "கடைட நம்பரும் றோட்டும் போற வழியும் மாமி எழுதித் தந்திருக்கா. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போகலாமாம். வாப்பாவக் காணல்லண்டா நேரா கடைக்கு வரட்டாம்."

சுபைறா கையை நீட்டினாள். "இஞ்ச தா. தொலைச்சுப்போடுவாய். நான் பேக்குக்குள்ள பத்திரமா வெக்கிறன்."

"வேணா. பாடமாக்கிட்டன்."

கடை இலக்கத்தையும், வீதியின் பெயரையும், எந்தப் பள்ளிவாசலுக்கு எதிரே என்பதையும் அவள் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினாள். ஒரு எழுத்துத் தவறவில்லை. இரண்டாம் தடவை அதற்கு ஒரு மெட்டுப் போட்டுப் பாடினாள். அழகாக இருந்தது. முன்சீட்டிலிருந்த கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பஸ் கல்லாற்றுப் பாலத்தில் ஏறியபோது ஜுனைதா தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காற்றில் விட்டாள்.